ஆப்பிரிக்கப் படங்களை நம் ஊர்களில் போட்டுக் காட்டுவது எப்படி

ஆப்பிரிக்கப் படம் என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்குச் சிங்கம், காடு, துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரர், எலும்பும் தோலுமான குழந்தை, இவைதான் கண்ணுக்கு வருகின்றன. அவர்கள் மேல் தப்பில்லை, டிவியில் டப் செய்து வந்தவை எல்லாம் அப்படித்தான் இருந்தன. நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழே புழங்கும் ஊர்கள். இங்கே வாயனசாலை என்கிற படிப்பகங்களிலும், குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் குழுக்களின் கூட்டம் நடக்கிற ஹால்களிலும் ஆப்பிரிக்கப் படங்களைப் போட்டுக் காட்டி வருகிறேன். எந்தப் படத்தில் தொடங்குவது, சப்டைட்டில் படிக்க முடியாதவர்களை உட்கார வைத்துக்கொண்டு என்ன செய்வது, படத்தை எங்கே போய் வாங்குவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செங்கோட்டை, கம்பம், களியக்காவிளை என்று எல்லைப் பக்கம் எங்கே இருந்தாலும் இதே வழிதான்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஆப்பிரிக்காவைப் பற்றி யாரோ எடுத்த படமா, ஆப்பிரிக்கர்களே எடுத்த படமா? தொடக்கத்தில் இரண்டாவது வகையை மட்டும் போடுங்கள். பொள்ளாச்சியைச் சுற்றி இருக்கும் நமக்கு இதன் காரணத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை. எத்தனையோ படங்களில் ‘கிராமம்’ என்று காட்டியது நம் தோப்பையும் வாய்க்காலையும்தான், ஆனால் அதில் வந்த பண்ணையாரும் பஞ்சாயத்தும் நாம் பார்த்த பண்ணையாரும் பஞ்சாயத்தும் இல்லை. இடம் நம்முடையது, கதை வேறு யாருடையதோ. ஒரு கண்டம் முழுவதற்கும் இதுவே பல பத்தாண்டுகள் நடந்தது. பிரான்ஸ் 1934-ல் கொண்டுவந்த ஓர் ஆணைப்படி அதன் ஆப்பிரிக்கக் காலனிகளில் படமெடுக்க அரசு அனுமதி வாங்க வேண்டும். போலின் வியேரா என்ற மாணவரும் அவர் கூட்டாளிகளும் தங்கள் ஊரில் படமெடுக்க அனுமதி கிடைக்காமல்தான் 1955-ல் பாரீஸிலேயே, அங்கே வாழும் ஆப்பிரிக்கர்களை வைத்து ஒரு குறும்படம் எடுத்தார்கள். தங்களைத் தாங்களே படம் பிடிக்க இவ்வளவு காலம் காத்திருந்தவர்களுடைய படங்கள் இவை. அதனால் அவர்கள் கண்ணால் பார்த்ததை முதலில் பார்ப்போம். வெளியாட்கள் எடுத்ததில் நல்லவை இல்லாமலில்லை. ‘அல்ஜீர்ஸ் போர்’ (1966) இத்தாலியர் பொன்டேகோர்வோ எடுத்தது, ஆனால் அதில் வரும் அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தில் உண்மையிலேயே இருந்த சாதி யாசெஃப் அதைத் தயாரிக்கவும் செய்து அதில் நடிக்கவும் செய்தார். அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் நாள் என்ன போடுவது? என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ‘போரோம் சரே’. 1963-ல் வந்தது, சுமார் 20 நிமிடம். செனகல் நாட்டின் டக்கார் நகரத்தில் குதிரை வண்டி ஓட்டுகிற ஒருவருடைய ஒரு நாள், அவ்வளவுதான் கதை. காலையில் தொழுதுவிட்டுக் கிளம்புகிறார். ஏறுகிறவர்களில் பாதிப்பேர் காசு தருவதில்லை. பரம்பரைப் பாணர் ஒருவர் அவர் முன்னோர்களைப் புகழ்ந்து பாட, கையிலிருந்ததை எல்லாம் அவருக்கே கொடுத்துவிடுகிறார். இறந்த குழந்தையைத் தூக்கி வரும் தகப்பனை இடுகாட்டு வாசலில் தாள் சரியில்லை என்று நிறுத்துகிறார்கள். பிறகு நல்ல உடுப்பு போட்ட ஒரு வாடிக்கையாளர், வண்டி போகக் கூடாத பணக்காரப் பகுதிக்குள் போகச் சொல்ல, அங்கே போலீஸ்காரர் பிடித்துக்கொள்கிறார். சட்டைப் பையிலிருந்து விழுந்த ராணுவப் பதக்கத்தை அந்தப் போலீஸ்காரர் காலால் மிதிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. கேமரா அங்கே ஒரு கணம்தான் நிற்கிறது. எங்கள் ஹாலில் அந்தக் கணத்தில் சத்தமே இருக்காது. அவர் எந்த நாட்டுக்காகப் போருக்குப் போனார், பதக்கம் யார் கொடுத்தது என்று அப்புறம் கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அடுத்த படத்துக்கு அவர்கள் தாமாகவே வருவார்கள்.

எடுத்தவர் உஸ்மான் செம்பேன். இவரைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்லிவிட்டுப் படத்தைத் தொடங்குங்கள், அது மிகவும் உதவும். 1923-ல் செனகலின் தெற்கே சீகின்ஷோரில் மீனவர் வீட்டில் பிறந்தவர். கொத்து வேலை, மெக்கானிக் வேலை எல்லாம் பார்த்தார், இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்தார், அப்புறம் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் மூட்டை இறக்கினார், அங்கே தொழிற்சங்கத்தில் சேர்ந்தார், நாவல் எழுதினார். தான் யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களால் அதைப் படிக்க முடியாது என்பதால் நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோவுக்குப் போய் சினிமா கற்றுக்கொண்டார். சினிமா தன் மக்களுக்கு இரவுப் பள்ளி என்பார். சொன்னதோடு நிற்காமல் படச்சுருளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் திரையிட்டு, முடிந்ததும் மக்களோடு உட்கார்ந்து பேசினார். நாம் செய்ய நினைப்பதும் அதையேதான் என்பதால் எனக்கு இவர்மேல் தனிப் பிரியம்.

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. மாதம் ஒரு நாடு என்று தாவினால் யாருக்கும் எதுவும் ஒட்டாது. ஒரே நாட்டில் நான்கைந்து படம் தங்குங்கள், நான் செனகலைச் சொல்வேன். செம்பேனின் ‘லா நுவார் தெ’ (1966) ஒரு மணி நேரப் படம். டக்காரில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்த தியுவானா என்ற பெண்ணை ஒரு பிரெஞ்சுக் குடும்பம் தங்கள் நாட்டுக்கு அழைத்துப் போகிறது. போன இடத்தில் அவள் பார்ப்பது அடுப்பங்கரையையும் குளியலறையையும் மட்டும்தான். கல்ஃபுக்கு வீட்டு வேலைக்குப் போய்வந்த பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர், அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். தற்கொலைக் காட்சி இருக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு என்றால் ஜிப்ரில் தியோப் மம்பேட்டியின் ‘சூரியனை விற்ற சிறுமி’. ஊன்றுகோலோடு நடக்கும் சிலி என்ற சிறுமி, பையன்கள் மட்டுமே பேப்பர் விற்கிற தெருவில் தானும் பேப்பர் விற்கக் கிளம்புகிறாள். 45 நிமிடம். இயக்குநர் 1998-ல் இறந்த பிறகுதான் படம் வெளியே வந்தது. அதே மம்பேட்டியின் தம்பி மகள் மாத்தி தியோப் 2019-ல் எடுத்த ‘அட்லான்டிக்ஸ்’, சம்பளம் கிடைக்காமல் படகேறிக் கடலில் போன பையன்களையும் அவர்கள் விட்டுப்போன பெண்களையும் பற்றியது, கான் விழாவில் பரிசு வாங்கியது. இப்படி ஒரு ஊரை மூன்று தலைமுறைக் கண்ணால் பார்த்துவிட்டால் டக்கார் நம் ஆட்களுக்குத் தெரிந்த ஊராகிவிடும்.

நடுவில் கட்டாயம் வர வேண்டியது ‘மண்டாபி’ (1968). இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இதைப் போல ஒட்டிக்கொண்ட படம் வேறில்லை. செனகலில் பெரும்பாலோர் பேசும் வோலோஃப் மொழியில் செம்பேன் எடுத்த முதல் முழுநீளப் படம் இது. வேலையில்லாத இப்ராஹிமா டியெங், அவருக்கு இரண்டு மனைவிகள், ஏழு பிள்ளைகள். பாரீஸில் தெருக்கூட்டும் சகோதரி மகனிடமிருந்து 25,000 ஃபிராங்குக்கு மணியார்டர் வருகிறது. அதில் 20,000 சேமித்து வைக்க, 3,000 பையனின் அம்மாவுக்கு, 2,000 மட்டுமே இவருக்கு. வாங்கப் போனால் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதற்குப் பிறந்த தேதி வேண்டும், போட்டோ வேண்டும், முத்திரைத்தாள் வேண்டும், யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். இதற்குள் பணம் வந்த செய்தி தெரு முழுக்கப் பரவி, கடன் கேட்பவர்கள் வாசலில். கடைக்காரர் கடனாக அரிசி தருகிறார், வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், பணமோ இன்னும் தபால் ஆபீஸில்தான் இருக்கிறது.

படம் தொடங்கியதும் முதலில் வருவது தெருவோர நாவிதர். இப்ராஹிமாவின் தலையை மழித்து, மூக்குக்குள் கத்தியை விட்டு முடியை எடுப்பதை வெகு நெருக்கத்தில் காட்டுகிறார்கள். பெரியவர்கள் இங்கேயே சிரித்துவிடுவார்கள், அப்போதே பாதி வேலை முடிந்தது. தாள் கேட்கிற காட்சிகள் வரும்போது சிரிப்பு மாறும். தமிழில் பேர், மலையாளத்தில் சான்றிதழ், இங்கிலீஷில் ஆதார், மூன்றிலும் மூன்று விதமாக எழுத்து என்று அலைந்தவர்கள் நிறைந்த ஹால் அது. தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பாட்டி படம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, “ஏங்கண்ணு, அந்தாளு யாரையும் ஏமாத்தலையே, எல்லாரும் சேர்ந்து அவரையில்ல ஏமாத்துறாங்க, இதை அந்த ஊரு ஆபீசருங்களுக்குப் போட்டுக் காட்டினாங்களா?” என்று கேட்டார். அதன்பிறகு அரை மணி நேரம் யாரும் எழுந்து போகவில்லை.

இப்போது மொழிப் பிரச்சினைக்கு வருவோம். இந்தப் படங்களில் வோலோஃப், பம்பாரா, மூரே, அரபு, பிரெஞ்சு பேசுகிறார்கள், சப்டைட்டில் இங்கிலீஷில் ஓடுகிறது. இங்கிலீஷ் வேகமாகப் படிக்க வராதவர்களுக்குத் தொண்ணூறு நிமிடம் வெறும் பொம்மைதான். மலையாளம் படிக்கத் தெரிந்த கூட்டம் என்றால் எம்சோன் குழுவினரின் சப்டைட்டில் தளத்தில் உங்கள் படம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், உலகப் படங்களுக்குப் பல வருடங்களாக மலையாள வரிகள் போட்டு வருகிறார்கள். தமிழில் வேண்டுமென்றால் நாமே போட வேண்டியதுதான். இங்கிலீஷ் சப்டைட்டில் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பை ‘சப்டைட்டில் எடிட்’ மாதிரி இலவச மென்பொருளில் திறந்து, நேரக் குறியீட்டைத் தொடாமல் வரிகளை மட்டும் மாற்றுங்கள். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். ஓட்டுகிற லேப்டாப்பில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று முந்தின நாளே ஓட்டிப் பாருங்கள். தமிழ் வாக்கியம் நீளும், அதனால் பாதியாகக் குறையுங்கள். யார் யாரை எப்படிக் கூப்பிடுவார் என்பதைத் தொடங்கும் முன்பே தீர்மானியுங்கள். இங்கிலீஷ் வரியில் எல்லாரும் எல்லாரையும் ஒரே மாதிரி கூப்பிடுவதாகத் தெரியும், ஆனால் தமிழில் இப்ராஹிமாவின் மனைவிகள் அவரிடம் ‘வாங்க, போங்க’ என்று பேசினால்தான் பொருந்தும். செனகல்காரர்கள் பார்த்ததும் வீடு, பிள்ளை, உடம்பு என்று நலம் விசாரிப்பது நீளமாகப் போகும். அதை வெட்டாதீர்கள், நம் ஆட்களுக்கு மிகவும் பிடிக்கிற இடமே அதுதான்.

எழுத்தே படிக்க வராதவர்கள் நிறைய இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது, அதையும் ஆப்பிரிக்காவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். உகாண்டாவில், முக்கியமாகக் கம்பாலாவில், சிறிய வீடியோ ஹால்கள் உண்டு. அங்கே வெளிநாட்டுப் படம் ஓடும்போது வீஜே என்று ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு லுகாண்டா மொழியில் கதையைச் சொல்லிக்கொண்டே போவார், நம் இந்திப் படங்களுக்கும்கூட. வக்காலிகா என்ற குடியிருப்பில் ஐசக் நப்வானா என்பவர் மிகக் குறைந்த செலவில் எடுத்த அடிதடிப் படம் ‘கேப்டன் அலெக்ஸைக் கொன்றது யார்’ (2010), அதில் வீஜே எம்மியின் குரல் படத்தோடு சேர்ந்தே ஓடுகிறது. இளவட்டங்களுக்குப் போட்டால் ஹால் அதிரும். நம் ஊரிலும் ஊமைப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் இருந்தார்கள், ஆகவே இது நமக்குப் புதிதுமில்லை.

செய்யும் முறை இது. வசனத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள், காட்சி மாறும் இடத்தில் ஒரு கோடு. ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று, இரண்டு பேர் போதும். திரைக்கு இடதுபக்கம், திரையும் தெரிகிற மாதிரி உட்கார வேண்டும், படிப்பதற்குச் சின்ன கிளிப் லைட். அவர்களுக்குத் தனியாக ஒரு சிறிய ஸ்பீக்கர் கொடுங்கள், படத்தின் சத்தத்தோடு சேர்த்துவிடாதீர்கள், நடிகரின் குரல் கீழே கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நடிகர் வாயைத் திறந்து ஒரு நொடி கழித்துப் படிப்பதுதான் சரியான இடம். உணர்ச்சியைக் கூட்டி நடித்துக் காட்டக் கூடாது. பாட்டு வந்தால் வாயை மூடிக்கொண்டு பாட்டை விட்டுவிடுங்கள். முக்கியப் பாத்திரங்கள் நான்கு பேரின் முகத்தைப் பிரின்ட் எடுத்துப் பெயர் எழுதி வாசலில் ஒட்டி வைத்தால் உள்ளே வரும்போதே பார்த்துக்கொள்வார்கள். படிப்பவர்கள் குறைந்தது இரண்டு தடவை முழுப் படத்தையும் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும், இதில் மட்டும் சலுகை காட்டாதீர்கள்.

இடம், கருவி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹால் நன்றாக இருட்டினால் சாதாரண புரொஜெக்டரே போதும், காசைச் சத்தத்தில் போடுங்கள். வெளியில் போடுவதென்றால் காற்றைக் கணக்கில் எடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் மேற்கிலிருந்தும், மார்கழி தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் அடிக்கிற காற்றுக்குத் துணித்திரை பாய்மரம் போல உப்பிவிடும், முகங்கள் எல்லாம் கோணலாகத் தெரியும். வெள்ளையடித்த சுவர் கிடைத்தால் அதுதான் நல்லது. துணிதான் என்றால் நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, கீழ் ஓரத்தில் கம்பு செருகுங்கள்.

வரலாற்றுப் படங்களுக்கு வருகிறேன். இங்கே முன்னுரை மிக முக்கியம், ஐந்து நிமிடம், சுவரில் ஒரு ஆப்பிரிக்க வரைபடம், அவ்வளவுதான், அதற்கு மேல் பேசினால் வகுப்பாகிவிடும். நான் முதலில் வைப்பது ‘தியாரோய் முகாம்’ (1988), செம்பேனும் தியெர்னோ ஃபாத்தி சோவும் சேர்ந்து இயக்கியது. பிரான்ஸுக்காகப் போரிட்டு ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்டு வந்த மேற்கு ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், டக்காருக்குப் பக்கத்திலுள்ள தியாரோயில் தங்களுக்குச் சேர வேண்டிய சம்பளத்தைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 அதிகாலையில் பிரெஞ்சுப் படையே அவர்களைச் சுட்டது. 35 பேர் இறந்ததாக அப்போது அரசு சொன்னது, அதைவிட மிக அதிகம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அது படுகொலைதான் என்று பிரெஞ்சு அதிபர் ஒப்புக்கொண்டது 2024 நவம்பரில், கிட்டத்தட்ட 80 வருடம் கழித்து. படமோ 1988-லேயே முழுவதையும் சொல்லிவிட்டது. இரண்டரை மணி நேரம் என்பதால் இடைவேளை விடுங்கள். முதல் நாள் பார்த்த வண்டிக்காரரின் பதக்கத்தை இங்கே ஞாபகப்படுத்தினால் போதும், மீதியை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள்.

அடுத்து மெத் ஹோண்டோவின் ‘சராவுனியா’ (1986). 1899-ல் இன்றைய நைஜர் நாட்டுப் பகுதியில் ஊர்களைக் கொளுத்திக்கொண்டு வந்த பிரெஞ்சுப் படையை எதிர்த்த அஸ்னா மக்களின் அரசி. வேலு நாச்சியார் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு முன்னுரையே தேவையில்லை. சாரா மல்தோரோரின் ‘சாம்பிஸங்கா’ (1972) அங்கோலாவில் போர்ச்சுகீசியர் பிடித்துப் போன டிராக்டர் ஓட்டுநரை, அவர் மனைவி மரியா முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு சிறை சிறையாகத் தேடி நடப்பது. போராட்டத்தை அந்த நடையிலேயே சொல்லிவிடுகிறார் இயக்குநர். புதிதாக வந்ததில் மாத்தி தியோப்பின் ‘தஹோமே’ (2024) போடலாம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், பெர்லின் விழாவின் தங்கக்கரடி வாங்கியது. பிரான்ஸ் கொள்ளையடித்துப் போன 26 பொருட்கள் 2021-ல் பெனின் நாட்டுக்குத் திரும்பி வருவதையும், அங்கே மாணவர்கள் ‘வெறும் 26 தானா’ என்று சண்டை போடுவதையும் காட்டுகிறது. கோயிலிலிருந்து திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜர் சிலை 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சாமி ஊருக்கு வருமா, மியூசியத்துக்குப் போகுமா என்ற கேள்வியில் எங்கள் ஹாலே இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

‘மெதுவாகப் போகிறது’ என்ற புகார் வரும், தயாராக இருங்கள். அதற்குக் கிராமத்துக் கதைகளே சரியான மருந்து. இத்ரிஸா உவெத்ராகோவின் ‘யாபா’ (1989) புர்கினா ஃபாஸோ கிராமம் ஒன்றில் சூனியக்காரி என்று ஊர் ஒதுக்கிய பாட்டிக்கும் ஒரு பையனுக்கும் ஏற்படுகிற ஒட்டுதல். அதில் மனிதர்கள் நடந்து போகும் தூரத்தை முழுவதுமாகக் காட்டுவார்கள். தோப்புக்கும் வீட்டுக்கும் நடந்தே பழகியவர்கள் அதைப் பற்றிக் குறை சொன்னதே இல்லை, குறை சொன்னவர்கள் எல்லாம் செல்போன் வைத்திருந்த பையன்கள்தான். சுலைமான் சிசேயின் ‘யீலென்’ (1987) அற்புதமான படம், ஆனால் மாலி நாட்டின் பம்பாரா மக்களுடைய தொன்மங்கள் கொஞ்சம் தெரிந்த பிறகு போடுங்கள்.

லெசோத்தோவிலிருந்து லெமோஹாங் மொசெசே எடுத்த படம் ஒன்று உண்டு: ‘இது அடக்கம் அல்ல, உயிர்த்தெழுதல்’ (2019). இதற்கும் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கொரோனா காரணமாகக் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவை 2021-ல் நான்கு ஊர்களில் பிரித்து நடத்தினார்கள், கடைசிக் கட்டம் பாலக்காட்டில் மார்ச் முதல் வாரத்தில் நடந்தது. அந்த வருடம் விழாவின் முதன்மை விருதான சுவர்ண சகோரம் இந்தப் படத்துக்குத்தான். சுரங்க வேலைக்குப் போன கடைசி மகனும் இறந்துவிட, தன் சாவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிற மன்டோவா என்ற எண்பது வயதுக் கிழவி, அணைக்காகத் தன் ஊரும் இடுகாடும் தண்ணீருக்குள் போகப் போவதை அறிந்து எதிர்த்து நிற்கிறாள். மன்டோவாவாக நடித்த மேரி த்வாலா 2020-ல் இறந்துவிட்டார், அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நீல நிறச் சுவருக்கு முன்னால் கறுப்பு உடையில் உட்கார்ந்து ரேடியோவில் மரண அறிவிப்புக் கேட்பாள், ஒரு அசைவும் இருக்காது. லெசோத்தோ மலைகளின் தண்ணீர் சுரங்கம் வழியாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறது. பரம்பிக்குளத்துத் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே போவதையும், ஆலியாற்று முறைத் தண்ணீருக்குச் சித்தூர்ப் பக்கம் வருடா வருடம் காத்திருப்பதையும் அறிந்தவர்களுக்கு இதில் எதை விளக்குவது? இந்தப் படத்தை வெயில் காலத்தில், வாய்க்கால் காய்ந்திருக்கும்போது போடுங்கள்.

செம்பேனின் கடைசிப் படம் ‘மூலாதே’ (2004) பெண் பிள்ளைகளுக்குச் செய்யும் உறுப்புச் சிதைப்பைப் பற்றியது. நான்கு சிறுமிகள் கோல்லே என்பவளிடம் அடைக்கலம் தேடி வருகிறார்கள், அவள் வாசலில் ஒரு வண்ணக் கயிற்றைக் குறுக்கே கட்டுகிறாள், அதைத் தாண்ட ஊரில் யாருக்கும் துணிவில்லை. ஆண்கள் பெண்களின் ரேடியோக்களைப் பிடுங்கிக் குவித்துக் கொளுத்துகிறார்கள். இதை முதலில் பெண்களுக்கு மட்டும் போடுங்கள், பேச்சை அவர்களே நடத்தட்டும். இஸ்லாமிய மதம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை என்று படத்துக்குள்ளேயே கோல்லே வாதாடுகிறாள், அதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள். ஒரு சமூகத்தின் மேல் கல்லெறிவதற்காக இந்தப் படத்தைக் கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

நைஜீரியப் படங்கள் வேறு உலகம். 1992-ல் இக்போ மொழியில் வீடியோவாக வந்த ‘லிவிங் இன் பாண்டேஜ்’ விற்ற விற்பனையில்தான் நாலிவுட் என்ற பெரிய தொழிலே கிளம்பியது. பணத்துக்காக மனைவியைப் பலி கொடுத்தவனை அவள் ஆவி துரத்துகிற கதை, நம் சீரியல் பார்ப்பவர்களுக்கு ஒரு நொடிகூட அந்நியமாக இருக்காது. யூடியூபில் நைஜீரியத் தயாரிப்பாளர்களே ஏராளமாகப் போட்டிருக்கிறார்கள், ஞாயிறு மதியத்துக்கு நல்லது.

எங்கே வாங்குவது? வீட்டில் பார்ப்பதற்கு ஓடிடி தளங்களில் கொஞ்சம் கிடைக்கும், ‘அட்லான்டிக்ஸ்’ நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. ஆனால் வீட்டுக் கணக்கை ஹாலில் ஓட்ட அனுமதி கிடையாது, டிக்கெட் இல்லாவிட்டாலும்கூட. பொதுத் திரையிடலுக்கு உரிமையாளருக்கு மெயில் எழுதுங்கள். ஊர்ப் பெயர், எத்தனை பேர் வருவார்கள், கட்டணம் இல்லை, தமிழில் சப்டைட்டில் போடப்போகிறோம் என்று நான்கு வரி போதும். சிறிய ஊர் என்று தெரிந்தால் பலர் குறைந்த கட்டணத்தில் தருகிறார்கள். பிரெஞ்சு அரசின் கலாச்சார நிறுவனத்திடம் ஆப்பிரிக்கப் படங்களுக்கென்றே ‘சினிமாதேக் ஆஃப்ரிக்’ என்ற தொகுப்பு இருக்கிறது, லாப நோக்கமில்லாத திரையிடல்களுக்குத் தருவார்கள். பிரெஞ்சு மொழி, கலாச்சார மையமான அலியான்ஸ் பிரான்சேஸின் கிளை வழியாகக் கேட்பது சுலபம். புதுப் படங்களைத் தெரிந்துகொள்ள திருவனந்தபுரத்தில் நடக்கும் அந்தக் கேரள சர்வதேச விழாவுக்கு டிசம்பரில் ஒருமுறை போய் வாருங்கள், போட்டிப் பிரிவே ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கானது. பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகப் போகிற அமிர்தா எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் அங்கே. டெலிகேட் பாஸை முன்னாலேயே எடுங்கள். எந்தப் படம் பரிசு வாங்கியது என்று பார்க்க இன்னொரு இடம் ஃபெஸ்பாகோ, 1969 முதல் புர்கினா ஃபாஸோ தலைநகர் வாகாடூகுவில் நடக்கிற விழா. அதன் பெரிய விருதில் குதிரைமேல் அமர்ந்திருப்பவள் மோசி மக்களின் இளவரசி யென்னெங்கா.

படம் முடிந்ததும் பேச்சு. ‘எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு’ என்று எழுந்துவிடுவார்கள். குறிப்பான கேள்வி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ‘மண்டாபி’யில் யார் யார் இப்ராஹிமாவிடம் காசு வாங்கினார்கள், ‘யாபா’வில் பாட்டியை முதலில் சூனியக்காரி என்று சொன்னது யார், ‘மூலாதே’யில் கயிற்றை ஏன் ஆண்கள் தாண்டவில்லை. ஆண்கள் முதலில் பேசினால் பெண்கள் பேச மாட்டார்கள், எனவே மைக்கைப் பெண்கள் பக்கமிருந்து தொடங்குங்கள். ஆப்பிரிக்கா இப்படித்தான் என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்த நாடு, எந்த வருடம், யார் எடுத்தது என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கேளுங்கள். நாலைந்து படம் போனதும் அவர்களே அடுத்தவரிடம் அப்படிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நீங்கள் உழைத்துப் போட்ட தமிழ் சப்டைட்டில் கோப்பை லேப்டாப்பில் பூட்டி வைக்காதீர்கள். எந்தப் பதிப்புக்குப் போட்டது, படம் எத்தனை நிமிடம், எந்த வரியில் வாசிப்பவர் தடுமாறினார் என்று ஒரு தாளில் எழுதி, உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, அதே படத்தைப் போடப்போகும் அடுத்த ஊருக்குக் கொடுங்கள். படத்துக்கு அவர்கள் தனியாக அனுமதி வாங்கிக்கொள்ளட்டும்.